சந்தாவும் சுதந்திரமும்

(வில்கமுவவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கத்தின் சந்தாவை உயர்த்துவது பற்றிய தீர்மானம் இன்று நம் முன்னே வைக்கப்பட்டிருக்கின்றது. “இதுவரை கொடுத்த பணத்துக்கே கணக்குக் காணோம், இனியும் கேட்பதா?” என்று பின்வரிசையில் எழும் முணுமுணுப்பு நம் செவியிலும் விழாமல் இல்லை. அது நியாயமான கேள்வி. வஸ்கமுவக் காட்டிலிருந்து யானை இறங்கும் இரவெல்லாம் கண்விழித்து விளைவித்த நெல்லை விற்றுப் பெற்ற பணம் அது. அதிலிருந்து ஒரு ரூபாவைக் கேட்பவன் காரணம் சொல்லியே ஆகவேண்டும்.

காரணத்தைச் சொல்வதற்கு நாம் பொலிஸாரின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சந்தாவின் அருமையை, அதைக் கொடுக்கும் உரிமை இல்லாதிருந்தவர்களே நன்கறிவார்கள்.

1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இலண்டன் மாநகரப் பொலிஸார் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். யுத்தகாலத்து விலைவாசி ஏறிக்கொண்டே போயிற்று, சம்பளமோ ஏறவில்லை. அவர்களுடைய தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரமும் இல்லை. பிரதமர் லொயிட் ஜோர்ஜ் சம்பளத்தை உயர்த்தினார். சங்கத்தை மட்டும் ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு, 1919இல், பொலிஸார் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்து லிவர்பூலிலும் இலண்டனிலும் வேலைநிறுத்தம் செய்தோர் 2,000க்கு மேற்பட்டோர். அத்தனை பேரும் வேலையிழந்தனர். ஒருவரேனும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

சங்கத்தைப் பறித்த அதே சட்டம், அதற்கு ஈடாகப் பொலிஸ் சம்மேளனம் ஒன்றைப் பொலிஸாருக்கு அளித்தது. கூடலாம், பேசலாம், மனுக் கொடுக்கலாம். ஆனால் உறுப்பினரிடம் சந்தா திரட்டிச் சொந்த நிதி வைத்துக்கொள்ள நெடுங்காலம் அதற்கு இடமில்லை. செலவை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கேட்கும்போது தாராள குணமாகவே தோன்றுகின்றது. ஆனால் எவனிடம் நியாயம் கேட்க வேண்டுமோ, அவனிடமே பஸ் காசையும் வாங்கிச் செல்பவனின் குரல் எவ்வளவு உயரும் என்பதை நாம் சொல்லவா வேண்டும்?

1950களின் நடுப்பகுதியிலேதான் அந்தச் சம்மேளனம் தன் உறுப்பினரின் சந்தாவைக் கொண்டு தன் காலில் நிற்கத் தொடங்கியது. 1955இல், பாராளுமன்ற உறுப்பினராகிய ஜேம்ஸ் கலகன் என்பவரை ஆலோசகராக அமர்த்தியது. பிற்காலத்தில் பிரித்தானியாவின் பிரதமராக வந்தவரே அவர். கணக்கறிந்தவரும் வாதம் அறிந்தவருமான ஒருவரைத் தம் பக்கத்தில் இருத்திக்கொண்டு சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் சென்றபோதுதான், அவர்கள் கொண்டுவந்த மனு பேரமாக மாறியது. கான்ஸ்டபிள்கள் கொடுத்த சில்லறையே அந்த வலிமையை வாங்கித் தந்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், இலங்கையில் பொலிஸாருக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை அளிக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தொழிற்சங்க உரிமையை அடிப்படை உரிமையாகக் கூறுகின்றது. ஆயினும் பொலிஸாரையும் படையினரையும் பொறுத்தவரை அதற்கு வரம்பு கட்ட இடமளிக்கின்றது. இங்குள்ள கான்ஸ்டபிள் ஒருவர் சந்தா செலுத்த விரும்பினாலும், அதை வாங்கிக்கொள்ளத் தொழிற்சங்கம் இல்லை. அரசியல்வாதியின் சொல்லுக்கு இணங்காவிடில் இடமாற்றம் வந்துவிடுமோ என்று அஞ்சும் ஒருவரிடந்தான் நாம் நமது முறைப்பாட்டைக் கொண்டுசெல்கின்றோம். அவருக்குத் துணை நிற்க அமைப்பு இல்லாதது நமக்கும் நட்டமேயாகும்.

அவருக்கு இல்லாத உரிமை நமக்கு இருக்கின்றது. அதை நாம் எவ்வாறு பேணுகின்றோம்?

மலையகத்துத் தோட்டங்களிலே தொழிற்சங்கச் சந்தா தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு, கம்பனிகளின் கையாலேயே சங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்து வந்தது. 2021இல் சம்பளச் சபையின் மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கூட்டொப்பந்தம் அற்றுப்போயிற்று, கம்பனிகள் சந்தா கழிப்பதையும் நிறுத்தின. வீடுவீடாகச் சென்று சந்தா சேர்க்கும் பழக்கத்தை மறந்திருந்த சங்கங்கள் திகைத்தன. எதிராளியின் கையால் வரும் பணத்தை எதிராளியே நிறுத்தவும் கூடும் என்பது அன்று விளங்கிற்று.

இப்போது விலைவாசிக்கு வருவோம். 2022இன் தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 470 ரூபா. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஏற்றத்தின் வேகம் பின்னர் தணிந்ததேயன்றி விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. கடுதாசி, தபால், பஸ் கட்டணம், மண்டப வாடகை, வழக்கறிஞர் கட்டணம் யாவும் உயர்ந்தன. சந்தா மட்டும் உயராதிருந்தால் சங்கத்தின் பணி குறைந்தே தீரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவால் தடைசெய்யப்பட்டபோது, வயலிலே பயிர் மஞ்சளித்து நின்றதை நாமெல்லோரும் கண்டோம். அத்தகைய நாளிலே கொழும்புக்குச் செல்லவும், வல்லுநரைக் கொண்டு அறிக்கை எழுதுவிக்கவும், நீதிமன்றப் படி ஏறவும் சங்கத்தின் பெட்டியிலே பணம் வேண்டாமா?

பெட்டி வெறுமையாயின் அதை நிரப்ப யாராவது வருவார்கள். தேர்தலுக்கு முந்திய மாதத்திலே தவறாமல் வருவார்கள். வந்தவர்கள் பெட்டியோடு சங்கத்தையும் எடுத்துச் செல்வார்கள்.

ஆயினும், சந்தாவை உயர்த்தக் கோருவோருக்கும் சில கடமைகள் உண்டு. சம்பளம் பெறும் உத்தியோகத்தருக்கும் மழையை நம்பும் கமக்காரருக்கும் ஒரே தொகை விதிப்பது நீதியன்று; வருவாய்க்கேற்ப விதிக்க வேண்டும். விளைச்சல் பொய்த்த போகத்தில் தவணை தர வேண்டும். வரவு செலவுக் கணக்கைத் தமிழில் எழுதி, எவரும் படிக்கத்தக்க இடத்தில் ஒட்ட வேண்டும். கணக்குக் காட்டாமல் உயர்த்தப்படும் சந்தா, சந்தாவன்று, வரியேயாகும். இவற்றை ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்துக்கு ஒரு சதமேனும் கூட்டிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவும் நாம் தயங்கோம்.

அவற்றை ஒப்புக்கொண்டால், தோழர்களே, மனமுவந்து கொடுங்கள். இலண்டன் கான்ஸ்டபிள் வேலையைப் பணயம் வைத்துக் கேட்ட உரிமை, இன்று நமது மடிச்சீலையிலே கிடக்கின்றது. காசு கொடுத்தவனே கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவனே சங்கத்தின் சொந்தக்காரன். அந்தச் சொந்தத்தை எவருக்கும் விற்றுவிடாதீர்கள்.