நோய்க்காலத்தில் விளக்கு எரிந்த கதை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது. எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். அறிவியல் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன், மின்பொறியியல் படித்தவனல்லன். இருந்தாலும் மின்சாரத்தைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் நம் மாணவன் ஒருவன் கேட்ட கேள்விதான். "சார், கோவிட் வந்தப்போ எல்லாத்தையும் மூடிட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்போ கரண்டு மட்டும் எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளி மூடப்பட்டது, தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன, பேரங்காடிகளில் ஆளில்லை. செம்பனைத் தோட்ட வேலை மட்டும் பெரும்பாலும் நிற்கவில்லை. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது நீங்கள் குலை வெட்டப் போனீர்கள். அது போலவே மின்நிலையத்திலும் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மின்கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்த முப்பதுக்கும் மேற்பட்டோர் நோய் தொற்றிவிடக் கூடாதென்று வீட்டுக்கே போகாமல் வேலையிடத்திலேயே தங்கிவிட்டார்கள். அந்த வேலையைப் புதிதாக ஒருவரை அழைத்து வந்து மறுநாளே செய்யச் சொல்ல முடியாது.

நோய் வந்தால் மின்சாரம் தட்டுப்பாடாகும் என்றுதான் நாம் நினைப்போம். அந்த நாட்களில் பல நாடுகளுக்கு வந்த தொல்லை வேறு: மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சினால் நல்லதுதானே, எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தாய்மார்கள் கேட்கலாம். அரிசியாக இருந்தால் டின்னில் போட்டு வைக்கலாம். கம்பியில் ஓடும் மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவுதான் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இதை உங்களுக்குத் தெரிந்த வேலையில் சொல்கிறேன். தள்ளுவண்டி நிறையக் குலையை ஏற்றி மேட்டில் தம் கட்டித் தள்ளுகிறீர்கள். திடீரென்று பாதிக் குலை சரிந்து விழுந்துவிட்டால் என்ன ஆகும்? தள்ளின வேகத்துக்கு வண்டி குபீரென்று முன்னால் பாயும், தள்ளியவரும் கூடவே போவார். மின்நிலையச் சக்கரங்களுக்கும் அதே கதிதான். சுமை குறைந்தால் அவை வேகமாகச் சுழலும். நம் நாட்டு மின்சாரமும் இந்திய நாட்டு மின்சாரமும் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுபவை. அந்தக் கணக்கு அதிகம் பிசகினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். ஒன்று நின்றால் அடுத்தது, அடுத்தது என்று நாடே இருளில் மூழ்கிவிடும்.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்தியாவில் 2020 மார்ச் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியது. ஆலைகள் நின்றன, ரயில்கள் நின்றன. மின்தேவை வெகுவாக இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் பிரதமர் மோடி ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஏப்ரல் 5ஆம் நாள் இரவு 9 மணிக்கு 9 நிமிடம் எல்லோரும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, அகல் விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றி வைக்க வேண்டும் என்று. மக்களுக்கு அது ஒற்றுமையின் அடையாளம். மின்சாரத்தைக் காப்பவர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஏனென்றால் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கு அணையும், ஒன்பது நிமிடம் கழித்து ஒரே நேரத்தில் எரியும். விளக்கை மட்டும் அணையுங்கள், மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் அணைக்காதீர்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. சுமார் 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றிரவு உண்மையில் குறைந்தது 31,089 மெகாவாட். ஒரு மெகாவாட் என்றால் ஆயிரம் இஸ்திரிப் பெட்டி ஒரே நேரத்தில் சூடாவதற்கு வேண்டிய மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியா முழுவதும் அந்த ஆண்டில் அதிகபட்சம் பயன்படுத்தியது ஏறக்குறைய 19,000 மெகாவாட்தான். நம்முடைய ஜொகூர் முதல் பெர்லிஸ் வரையுள்ள மொத்தச் சுமையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது!

நிலக்கரி நிலையத்தால் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. கொதிகலன் பெரிய அடுப்பு மாதிரி. நெருப்பைத் தணிக்கவும் நேரமாகும், மறுபடி மூட்டவும் நேரமாகும். சூரியத் தகடுகளோ இரவில் உறங்கிக் கொண்டிருக்கும். காற்று யார் பேச்சையும் கேட்பதில்லை. சொன்ன பேச்சை உடனே கேட்டது பெரும்பாலும் தண்ணீர்தான். அணைக்கட்டு நிலையத்தில் கதவைச் சற்றே மூடினால் சக்கரத்துக்குப் போகும் தண்ணீர் குறையும், மின்சாரமும் குறையும், திறந்தால் கூடும். எல்லாம் சில நிமிட வேலை.

ஆகவே முன்கூட்டியே திட்டமிட்டார்கள். அன்று மாலையிலேயே நீர்மின்சாரத்தை அதிகம் செலவழிக்காமல் அடக்கி வைத்திருந்து, ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாக 25,559 மெகாவாட் வரை ஏற்றினார்கள். விளக்குகள் அணைய அணைய அதை இறக்கிக்கொண்டே வந்து, 9 மணி 10 நிமிடத்துக்கு 8,016 மெகாவாட்டில் நிறுத்தினார்கள். அனல் நிலையங்களும் தங்களால் இயன்ற மட்டும் குறைத்துக்கொண்டன. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நீர்ச்சக்கரங்களை அடியோடு நிறுத்திவிடாமல் குறைந்த சுமையில் சுழலவே விட்டிருந்தார்கள். விளக்குகள் திரும்ப எரியும்போது உடனே ஏற வேண்டுமல்லவா? அந்த ஐம்பது என்ற கணக்கு அன்றிரவு 49.7க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. எங்கும் நாடு இருளவில்லை. அகல் விளக்கேற்றியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வேலை சரியாக நடந்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே மாதிரியான தலைவலிதான். 2020 ஏப்ரல் 10ஆம் நாள் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 68 நாட்கள், அங்கே நிலக்கரியே எரிக்காமல் மின்சாரம் தயாரித்தார்கள். நிலக்கரியால் தொழிற்புரட்சி கண்ட நாடு அது. ஆனால் தேவை குறைந்துபோன நாட்களில் காற்றாலைக்காரர்களுக்குப் பணம் கொடுத்து நிறுத்தச் சொல்லவும் வேண்டியிருந்தது. ஓர் அணுமின் நிலையத்தைப் பாதி அளவுக்கே ஓட்டச் செய்தார்கள். ஓடாமல் இருக்கப் பணமா என்று நம் தோட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள்!

இன்னொரு செய்தி. டில்லியில் வாகனங்களும் ஆலைகளும் ஓய்ந்ததால் வானம் தெளிந்து, அந்த மார்ச் மாதக் கடைசியில் தரைக்கு வந்த சூரிய ஒளி முந்திய ஆண்டுகளைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு கூடியதாக அறிஞர்கள் கணக்கிட்டார்கள். 2015, 2019ஆம் ஆண்டுகளில் நம் ஊரில் புகைமூட்டம் வந்தபோது துணி காயாமல் தாய்மார்கள் பட்ட பாடு நினைவிருக்கும். துணிக்கு வராத வெயில் சூரியத் தகட்டுக்கும் வராது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாருங்கள், நோய் வந்ததால் உலகம் சுத்தமாயிற்று" என்று சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்று சுத்தமான அதே நாட்களில்தான் கூலியிழந்த தொழிலாளிகள் கைக்குழந்தையோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சீனாவிலிருந்து சூரியத் தகடுகள் வருவது தாமதப்பட்டது. வேலைக்கு ஆளும் இல்லை. இந்திய அரசாங்கம் சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு ஐந்து மாதம் தவணை நீட்டிக் கொடுக்க நேர்ந்தது. 2020இல் குறைந்த கரும்புகை 2021இல் ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. நோய் போனதும் புகை வந்துவிட்டதென்றால், அது சுத்தமா, வெறும் ஓய்வா?

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. நெருக்கடியில் தேவை விழுந்தபோது முதலில் ஓரங்கட்டப்பட்டது நிலக்கரிதான். சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. அதனால் அவை கொடுத்ததை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் கரி எரித்தார்கள். உலகம் முழுவதும் அந்த ஆண்டில் கரி மின்சாரம் குறைந்தது, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கூடியது. இனி நம் கூரைகளிலும் சூரியத் தகடு பெருகும்போது, மேகம் மறைத்தால் ஈடு செய்யத் தண்ணீரோ பேட்டரியோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். பேரா ஆற்றில் 1930ஆம் ஆண்டிலேயே செண்டரோ அணையில் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நாடு இது. நமக்கு அந்த வித்தை புதிதல்ல.

பேச்சு நீண்டுவிட்டது. வகுப்பறைத் தாழ்வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தகர டப்பாவிலும் பிளாஸ்டிக் கரண்டியிலும் செய்த நீர்ச்சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் சிறு பல்பு எரிகிறது. பசியாறிவிட்டு வந்து பாருங்கள். குழாயை மெல்ல மூடிப் பாருங்கள், பல்பு எப்படி மங்குகிறதென்று. தண்ணீர் தெறிக்கும், பட்டுச் சேலைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.