ஊரைக் கேளாத ஏலம்

(திருவாதவூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கபிலர் பிறந்த ஊரென்று வழிவழியாகப் பேசப்படும் ஊரிலே கூடியிருக்கிறோம். குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களை வரிசையிட்டுக் காட்டியவர் அவர். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் அம்மலை தருமென்று கணக்குச் சொன்னவரும் அவரே. படையெடுத்தோர் கண்ணுக்கு அது கைப்பற்ற வேண்டிய கோட்டை. குடியிருந்தோர்க்கோ அது களஞ்சியம்! இந்த இரு பார்வைகளின் மோதல் அண்மையிலே நமது மேலூர் வட்டாரத்திலும் நிகழ்ந்தது.

2022 நவம்பரிலே, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 200 ஊற்றுகள், 250 வகைப் பறவைகள், சமணர் படுக்கை, பழந்தமிழ்க் கல்வெட்டு, இவையெல்லாம் அங்கே உண்டு. ஈராண்டு சென்றது. 2024 நவம்பரிலே மற்றோர் அறிவிப்பு வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி 2,015 ஹெக்டேர். ஏலத்தில் வென்றது இந்துஸ்தான் சிங்க் நிறுவனம்! காக்கப்படுமென்று கோடு கிழித்த 193 ஹெக்டேரும் அந்த வரைபடத்துக்குள்ளே! முக்கியக் கனிமங்களை ஏலமிடும் அதிகாரத்தை 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தில்லிக்கு அளித்திருந்தது. ஏலம் கூறப்பட்டது, ஊர் கேட்கப்படவில்லை!

"நாடு முன்னேறக் கனிமம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். ஆனால் எங்கே, எந்த விலைக்கு, யாரைக் கேட்டு என்று வினவுவது முன்னேற்றத்துக்குப் பகையாகுமா?

எதிர்ப்பு மூண்டதும், 2024 டிசம்பரிலே ஒரு சமாதானம் சொன்னது தில்லி: "பாரம்பரியத் தலம் பத்திலொரு பங்குதான், அதை விலக்கி எல்லையை மாற்றி அமைக்கலாம்." மக்கள் ஏற்கவில்லை. ஏன்? குன்றிலே விழும் மழை ஊற்றாகிறது, ஊற்று ஓடையாகிறது, ஓடை கண்மாயை நிரப்புகிறது, கண்மாய் வயலை வாழவைக்கிறது. இதிலே எந்த இடத்தில் கோடு கிழிப்பது? தலையை விட்டுவிடுகிறேன், உடலை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்பதை உழவன் ஏற்பானா?

ஊராருக்கு இவ்வறிவு பள்ளிக்கூடத்திலே கிட்டியதன்று. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டைப் பாருங்கள். ஒரு கிளையையும் ஒடிக்கலாகாது என்பது அங்கே ஊர்க்கட்டுப்பாடு. "மூடநம்பிக்கை" என்று நம்மிலே சிலர் நகைக்கக்கூடும். பொறுங்கள்! சாமியை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. வனக்காவலர் இன்றியே காட்டைக் காத்த அந்தக் கட்டுப்பாடு அறிவுடைமை அன்றோ? 2025-இலே, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டை மாநிலத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அரசே ஏற்றதே!

கடல் கடந்தும் இதே வழக்குத்தான். நடு அமெரிக்காவில், பெலிசு நாட்டின் தென்பகுதியிலே வாழ்கின்றனர் மாயா மக்கள். காட்டிலே சிறிது திருத்திச் சோளம் விதைப்பர். சில ஆண்டுகளில் நிலத்தை மீண்டும் காட்டிடமே விடுவர். வயலும் காடும் அவர்களுக்கு ஒரே சுழற்சியின் இரு பருவங்கள். அயலார் கண்ணுக்கோ, ஓய்வெடுக்கும் நிலம் உரிமையாளரற்ற நிலம்! பட்டா எங்கே என்று கேட்ட அரசுடன் மாயா மக்கள் நெடுங்காலம் வழக்காடினர். 2015 ஏப்ரலிலே கரீபிய நீதிமன்றம் அவர்களது வழக்காற்று நிலவுரிமையை உறுதி செய்தது. காகிதத்துக்கு முன்பே வாழ்வு உண்டு என்பதை நீதி ஒப்புக்கொண்டது.

இங்கேயும் மக்கள் வென்றனர். கிராமசபைகள் தீர்மானம் இயற்றின. 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. 2025 சனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் வெள்ளம் நடந்தது. சனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

மகிழ்வோம், ஆனால் உறங்கிவிடலாகாது! ரத்தானது ஓர் ஏலம். கேளாமல் ஏலமிடும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் சொல்கிறது. உங்கள் ஊரிலே அக்குழு கூடுகிறதா? உங்கள் ஓடையும் ஊற்றும் மூலிகையும் பறவையும் அப்பதிவேட்டிலே ஏறினவா? முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். கிராமசபையிலே படித்துக் காட்டுங்கள். அடுத்த வரைபடம் வருமுன் நம் கணக்கு ஏட்டிலே ஏறியிருக்கட்டும். பறம்பின் கணக்கைக் கபிலர் சொன்னார். நம் மலையின் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும்!