குறைகளை எழுதி விற்ற ஜீப்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளர் மேடையேறினால் தான் கட்டிய பாலத்தைப் பற்றியோ, பார்த்த வெளிநாட்டைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் ஒரு பழைய வண்டியை விற்றதைப் பற்றிப் பேசப் போகிறேன். பழுதுள்ள ஒரு பொருளை எப்படி விற்பது என்பதும் பொறியியல் கேள்விதான் என்பது என் கருத்து.

அமெரிக்கத் திறந்த கார் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பழைய சினிமாவில் கதாநாயகன் ஓட்டிவரும் செவ்ரோலே, டாட்ஜ் வகைதான். கல்வராயன் மலைக்கு அதெல்லாம் ஏறவில்லை. எங்கள் வெள்ளிமலைக்கு வந்து சேர்ந்த அமெரிக்கத் திறந்த வண்டி ஜீப். மேலே கேன்வாஸ் படுதா, கதவு கிடையாது, முன் கண்ணாடியை மடக்கி பானட் மேல் படுக்க வைக்கலாம். என் தாத்தா வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1960களில் சேலத்தில் அதை வாங்கினார். கடைக்கு அரிசி, பருப்பு ஏற்றி வரும். இறங்கும்போது கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் போகும். நடுராத்திரியில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால், சரக்கை இறக்கிவிட்டு அதே வண்டி கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்.

ஊரில் எல்லோரும் அதை ‘வில்லிஸ்’ என்றுதான் சொல்வார்கள். விற்க முடிவு செய்தபோதுதான் நான் அடியில் படுத்துப் பார்த்தேன். அது ஃபோர்டு!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட சிறிய வண்டிக்கு முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பேண்டம் என்ற சிறிய கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸ் ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் மூன்றரை லட்சம், ஃபோர்டு சுமார் 2,80,000 வண்டிகள் செய்துவிட்டன. ஒன்றின் உதிரிபாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அதனால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், பட்டையாகப் பெட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் போல்ட் தலையில்கூட ‘எஃப்’ என்று பொறித்திருப்பார்கள். எங்கள் வண்டியில் சேஸிஸ் ஃபோர்டு, இன்ஜின் வில்லிஸ். எந்தப் பட்டறையில் எப்போது மாறியதோ! ஆர்.சி.யில் உள்ள எண்களோடு இரண்டும் ஒத்துப்போனது நல்ல காலம்.

விற்கப்போகிறோம் என்றதும் ஒரு தரகர் வந்தார். “தம்பி, பட்டி பார்த்து ராணுவப் பச்சை அடிச்சிருங்க. சேஸிஸ்ல கறுப்புப் பெயிண்ட் அடிச்சா வெல்டிங் தெரியாது. பாக்க பளபளன்னு இருந்தா போதும், மிச்சத்த நான் பேசிக்கிறேன்” என்றார். நான் பெயிண்ட் வாங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் குறைகளை வரிசையாக எழுதினேன். அந்தத் தாளில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஒன்று, கால் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம், ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. இன்றைய கார்களில் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இதில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் ஒரே சமயத்தில் போய்விடும். ஹோஸ் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கிறது.

இரண்டு, ஹேண்ட் பிரேக். இது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்டின் கிராஸ் உடைந்தால் ஹேண்ட் பிரேக்கும் இல்லை. கிராஸில் ஆட்டம் இருக்கிறது.

மூன்று, பெட்ரோல் டேங்க். டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. துரு அரித்துக் கசிகிறது. போதாததற்கு இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

நான்கு, இடது முன் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருக்கிறது. ஐந்து, 6 வோல்ட் வயரிங்கை 12 வோல்ட்டாக மாற்றியிருக்கிறது. ஆறு, சேஸிஸும் இன்ஜினும் வேறு வேறு கம்பெனி.

இரண்டு பேர் வாங்க வந்தார்கள். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த சேகரிப்பாளர். இன்னொருவர் மலையிலேயே எங்களுக்கு நெடுநாள் பழக்கமான அண்ணன். அண்ணன் சொன்ன விலை ஐம்பதாயிரம் ரூபாய் அதிகம். திருவிழா வருகிறது, பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றி ஓட்டலாம், இந்த வாரமே வேண்டும் என்றார். டீசல் இன்ஜின் மாட்டிக்கொள்வதாகவும் எண்ணம்.

வீட்டில் வாக்குவாதம் வந்தது. “அவனுக்குத் தெரியாத ஜீப்பா? வாங்கறவன் பாத்துக்குவான். நமக்கெதுக்கு?” என்றார் அப்பா. அவர் கேட்டதும் நியாயம்தான், ஐம்பதாயிரம் சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த மலைப்பாதையின் வளைவுகளில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஒற்றை வழி பிரேக்கை நம்பி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது.

நான் அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகள்தான் உரக்கப் படித்தாள். பிரேக் பற்றிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். “பத்து உசுரு ஏறுமே தம்பி. இது எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சேகரிப்பாளரிடமும் அதே தாளைத்தான் கொடுத்தேன். ஆறாவது குறையைப் படித்ததும் விலையைக் குறைத்தார். ஆனால் அவருக்கு இந்த வண்டி பிழைப்புக்கு இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் உள்ள வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. டீசல் இன்ஜின் மாட்டியிருந்தால் இந்தக் கதவு அன்றோடு மூடியிருக்கும். பத்திரமாக நிற்க வேண்டிய வண்டி பத்திரமாக நிற்கிற இடத்துக்குப் போகட்டும் என்று அப்பாவும் சம்மதித்தார்.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது காகித வேலை. ஆர்.சி. இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. படிவம் 31 கொடுத்து முதலில் அப்பா பெயருக்கு மாற்றினோம். பிறகு விற்பனைக்குப் படிவம் 29, 30. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். “சாவி கொடுத்தாச்சு, பணம் வாங்கியாச்சு, நம்ம வேலை முடிஞ்சுது” என்று இருக்கக் கூடாது. 2018இல் நவீன் குமார் வழக்கில், வண்டி கைமாறிப் போயிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பைக்கை நண்பனுக்கு விற்கும் ஹாஸ்டல் மாணவனுக்கும் இது பொருந்தும்.

குறைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். ஜீப் லாரியில் ஏறிப் போனது.

நண்பர்களே, நாம் வரைபடம் வரையக் கற்றோம். எந்த இடத்தில் எவ்வளவு பளு தாங்கும் என்பதை அடுத்தவருக்குச் சொல்லத்தான் வரைபடம். குறைத் தாளும் அதே வேலையைத்தான் செய்கிறது. வண்டியின் உள்ளே இருப்பது செய்தவனுக்கும் ஓட்டியவனுக்கும்தான் தெரியும், புதிதாக வாங்குபவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் காசு பண்ணுகிறவர் தரகர். அதை நிரப்புகிறவர் பொறியாளராக இருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். ஆத்தூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் ஜீப் பார்த்திருக்கிறாராம். “தம்பி, அந்தத் தாள் மாதிரி ஒண்ணு எனக்கு எழுதிக் குடு. பாத்து வாங்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே டார்ச் லைட்டோடு கூடப் போனேன். முதலில் பார்த்தது பிரேக் ஹோஸ்.