பெகோனியாவும் ஆறாயிரம் ரூபாய்க் கடனும்



விழா மலருக்காக நீயும் ஏதாவது பேசணும் என்று ஊக்குநர் அக்கா கேட்டார்கள். மலருக்கு மலரைப் பற்றியே பேசிடுறேன் அக்கா என்றேன். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். செடி வளர்ப்பை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. சாகடித்துச் சாகடித்துக் கற்றுக்கொண்டதுதான். அதிலும் குழுப் பணத்தில் வாங்கிய செடியைச் சாகடித்தேன். அதனால் இது பேச்சு என்பதை விட கணக்கு ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெகோனியாவை நம்மில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், பேர் தெரிந்திருக்காது. இலை ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சிறுத்து, கோணலாக இருக்கும். தண்டில் மூங்கில் மாதிரி கணு இருக்கும். சில வகையில் இலை மேல் வெள்ளிப் புள்ளி, அடிப்பக்கம் செக்கச் சிவப்பு. ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கும். ஒரே செடியில் ஆண் பூவும் இருக்கும், பெண் பூவும் இருக்கும். பூவுக்குப் பின்னால் மூணு இறக்கை வைத்த மாதிரி காய் இருந்தால் அது பெண் பூ. பேர் பிரெஞ்சுக்காரர் ஒருவருடைய பேர்: மிஷேல் பெகோன். முந்நூறு வருசத்துக்கு முன்னால் சார்லஸ் ப்ளூமியே என்ற பாதிரியார் செடி தேடிப் போன இடத்தில் இதைக் கண்டு அவர் பேரை வைத்தாராம். ஆனால் இது முழுக்க வெளிநாட்டுச் செடி என்று நினைக்காதீர்கள். திருவில்லிபுத்தூர் போகும்போது மேற்கே மலை தெரிகிறதே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெகோனியா மலபாரிகா என்ற ஒரு சாதி, ஓடைக்கரையிலும் ஈரப் பாறையிலும் தானாக முளைக்கிறது. இலைக்காகவே வளர்க்கிற ரெக்ஸ் என்ற வகை நம்ம அசாம் பக்கத்துச் செடி.

ஓடைக்கரை, ஈரப் பாறை, மரநிழல். இந்த மூணையும் கேட்டதுமே நான் யோசித்திருக்கணும். ஆமத்தூரில் இதில் எது இருக்கு?

முதலில் ஆசை வந்தது கோடைக்கானலில். எங்கள் குழு ஒரு வருசம் சுற்றுலா போனது. அங்கே பிரையண்ட் பூங்கா என்று இருக்கிறது, 1908-இல் பிரையண்ட் என்கிற வனத்துறை அதிகாரி போட்ட தோட்டம். அங்கே இந்தச் செடிகளைப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் ஒரு கடையில் ரெக்ஸ் இரண்டு தொட்டி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஏழாயிரம் அடி உயரத்தில் குளிருக்குள் இருந்த பிள்ளையைக் கொண்டுவந்து நம்ம கத்திரி வெயிலில் இறக்கினேன். பதினைந்து நாள்தான். என் மாமியார், "செடிக்கு ஸ்வெட்டர் வாங்காம வந்துட்டியே" என்று இன்னமும் கேலி செய்வார்கள்.

பிறகு ராஜபாளையத்தில் என் சித்தி வீட்டில் தண்டு உயரமாக வளர்கிற பெகோனியாவைப் பார்த்தேன். சித்தி இரண்டு தண்டை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வேப்பமரத்து நிழலில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. இதுதான் நம்ம ஊருக்கு ஆகிற சாதி என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் என் மதினிக்குப் பட்டாசு ஆபீஸில் கையில் தீப்பட்டது. பக்கத்து அறையில் மருந்து பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒண்ணும் இல்லை, வலது கை விரல் இரண்டு மடங்காது. அதே ஆபீஸில்தான் நானும் பாக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் அவங்க "இனி நீ போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வாரக் கூலி நின்றது. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தது ஒன்பதாவது. அப்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு தண்டு இத்தனை நல்லா வருதே, நாற்பது செடி வைத்தால்?

குழுவில் உள்கடன் ஆறாயிரம் கேட்டேன், கொடுத்தீர்கள். பச்சை நிழல்வலைக்கும் கம்புக்கும் 2,400. செடி ஒன்று 60 ரூபாய் என்று நாற்பது செடிக்கு 2,400. மீதி 1,200 தொட்டி, செம்மண், தேங்காய் நார்க்கழிவுக்கு. தை மாசம் வைத்தேன். மாசி, பங்குனி இரண்டு தவணை ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டிவிட்டேன். சித்திரையில் ஆரம்பித்தது கஷ்டகாலம்.

மதியம் ஆனால் இலையெல்லாம் தொங்கிப்போகும். ஐயோ தாகம் என்று தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலமும் தொங்கினது, மறுபடி ஊற்றினேன். ஒரு நாளைக்கு மூணு தடவை ஊற்றினேன் அக்கா, பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி. தண்டின் அடி கறுத்து, தொட்டால் வெந்த கத்தரிக்காய் மாதிரி குழைந்து விழுந்தது. நாற்பதில் மிஞ்சினது ஏழு. செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது, வேரே இல்லை. வெயிலுக்கு இலை மதியம் வாடுவது இந்தச் செடிக்குச் சகஜம், சாயங்காலம் தானாக நிமிரும். ஈர மண்ணில் வேர் மூச்சு முட்டி அழுகிப்போனால், பக்கத்தில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது, அப்போதும் இலை வாடும். நான் வாடுவதை மட்டும் பார்த்தேன், மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்துக்குப் போகவே கால் வரவில்லை. வலை கிழிஞ்சிருச்சு, ஆடு மேஞ்சிருச்சு என்று சொல்லலாமா என்றுகூட வழியெல்லாம் யோசித்தேன். போய் உட்கார்ந்ததும் அழுகைதான் வந்தது, உண்மையும் அதோடு வந்துவிட்டது. யாரும் ஏசவில்லை. ஒரு அக்கா மட்டும் "எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்கள், அது நியாயம்தான். மீதி ஐயாயிரத்தை மாசம் 250-ஆகக் கட்டலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். இருபது மாசம், வட்டியோடு கட்டி முடித்தேன். ஒரு தவணையும் தவறவில்லை. அந்தத் தீர்மானப் பக்கத்தில் என் கையெழுத்து கோணலாக இருக்கும், போய்ப் பாருங்கள்.

மிஞ்சின ஏழிலிருந்து பெருக்கத்தான் அடுத்த பாடு. ரெக்ஸ் பெகோனியாவை இலையை வைத்தே பெருக்கலாம். இலையின் அடிப்பக்கம் தடித்த நரம்புகளைப் பிளேடால் கீறி, ஈர மணல் மேல் படிய வைத்தால், கீறின இடத்தில் ஒன்றிரண்டு மாசத்தில் குட்டிச் செடி வரும். இதை யாரோ சொல்லக் கேட்டு, என்னுடைய உயரச் சாதியில் இருபது இலையைக் கிள்ளி வைத்தேன். எல்லாவற்றிலும் வேர் வந்தது. ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, குருத்து மட்டும் வரவே இல்லை. வேரோடு ஒரு இலை சும்மா நின்றுகொண்டே இருந்தது. உயரச் சாதிக்கு இலை போதாது, கணு வேண்டும். குருத்து கணுவில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். அதிலும் பூத்து முடிந்த கணுவில் பெரும்பாலும் குருத்து வராது. பூக்காத கணு இரண்டாவது இருக்கிற மாதிரிப் பார்த்து வெட்டணும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஐப்பசி மழை தொடங்கி வெயில் தணிந்ததும், மூணு நாலு கணு உள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவேன். கீழ் இலைகளையும் பூ மொட்டையும் கிள்ளிவிட்டு, வெட்டின இடம் காயும் வரை ஒரு மணி நேரம் நிழலில் வைப்பேன். பிறகு ஆற்று மணலும் கருக்கின உமியும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கப்பில் நடுவேன். உமி அரிசி ஆலையில் கிடைக்கும். முதல் வருசம் அறுபது நட்டதில் நாற்பத்தைந்து பிழைத்தது. கரிசல் மண்ணை மட்டும் தொட்டிக்குப் போடவே போடாதீர்கள். பருத்திக்கு அது தாய், பெகோனியாவுக்கு எமன். நனைந்தால் களி, காய்ந்தால் கல். செம்மண், மணல், மக்கின இலை உரம் மூணும் சமமாகக் கலந்தால் போதும். நார்க்கழிவு போடுவதானால் இரண்டு மூணு தடவை நல்ல தண்ணீரில் அலசணும், அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் ஞாபகம் வருது. நம்ம போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். மழைக்குத் தகரத்துக்கு அடியில் டிரம் வையுங்கள். நான் இரண்டு டிரம் பிடித்து மூடி வைக்கிறேன், கொசு வராது. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் காலையில். மார்கழிப் பனிக்கு இலையில் கோலமாவு தூவின மாதிரி வெள்ளை படியும், அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்கணும். ஆடிக்காற்றுக்கு ஒரு பக்கம் பழைய சாக்கைக் கட்டிவிடுவேன். ஆடு, மாடு, நாய்க்குட்டி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தச் செடி அதுகளுக்கு ஆகாது.

வருமானம் எவ்வளவு என்று கேட்பீர்கள். போன வருசம் ஐப்பசி முதல் மாசி வரை ஐந்து மாசத்தில் 140 செடி விற்றேன். தொண்ணூறு செடி 50 ரூபாய்க்கு, ஒரு வளைகாப்பு வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுக்க ஐம்பது செடி 40 ரூபாய்க்கு. மொத்தம் 6,500. செலவு 1,500 போக ஐயாயிரம், மாசத்துக்கு ஆயிரம். பங்குனி முதல் புரட்டாசி வரை ஒரு பைசா கிடையாது, தாய்ச் செடியைக் காப்பாற்றுவதே வேலை. இதை நம்பிப் பட்டாசு வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆயிரம் ரூபாயில் வீடு நடக்காது. எனக்கு ஒன்பதாவது படித்த பிள்ளை இப்போது பன்னிரண்டாவது, அவள் டியூஷன் பீஸ் இதில்தான் போகிறது. தொட்டிகளை நகர்த்த மதினி வருவாள், மடங்காத விரலோடு கப்புகளுக்கு மண் நிரப்புவாள். அவளுக்குப் பங்கு உண்டு.

வாசல் பக்கம் பச்சை வாளியில் நாற்பது தண்டு வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். வீடு போய்ச் சேரும் வரை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். போனதும் ஒரு டம்ளர் தண்ணீரில், கீழ்க் கணு மட்டும் முங்குகிற மாதிரி, ஜன்னல் ஓரம் வெயில் படாமல் வையுங்கள். மூணு வாரம் பொறுங்கள். வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். வரவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், வேறு தண்டு தருகிறேன்.