நூறு எம்பி இருந்தும் மாமா ஏன் உறைஞ்சு போனாரு?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "சின்ன ஆபீஸ், தினமும் வீடியோ கால். எந்த இன்டர்நெட் வாங்கலாம்?" கம்பெனி பேர் சொல்லி முடிச்சிடலாம். ஆனா ராயபுரத்துல நல்லா ஓடுற லைன், கொஞ்சம் தள்ளி திருவொற்றியூர்ல படுத்துடும். அதனால எங்க மாமா ஆபீஸ்ல நடந்ததைச் சொல்றேன். தேர்ந்தெடுக்கிற முறை அதுலயே இருக்கு.

மாமா கஸ்டம்ஸ் கிளியரிங் தொழில். ராயபுரத்துல மாடியில ஒரு ஆபீஸ், அஞ்சு பேர். முன்னெல்லாம் ஃபைலைத் தூக்கிக்கிட்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஓடுவாரு. 2020 ஜூன் 8 அன்னைக்கு, ஆள் முகம் பார்க்காத மதிப்பீட்டு முறை முதல்ல சென்னையிலயும் பெங்களூருலயும்தான் வந்துச்சு. இப்போ இங்க இறங்குற சரக்கோட பில்லை வேற ஊர் அதிகாரி பார்க்கலாம். ஆவணம் எல்லாம் இ-சஞ்சித்ல ஏத்தணும். அதே வருஷம் விசாரணைகளும் வீடியோவுக்கு மாறிச்சு. அதாவது, இவங்களுக்கு இன்டர்நெட்தான் இப்போ ஆபீஸ் வாசல்.

மணலியில சின்ன பட்டறை வச்சிருக்கிற ஒருத்தரோட சரக்கு. எந்த வகையில போட்டு வரி போடணும்னு தகராறு. விசாரணை காலைல 11 மணிக்கு. மாமா பேச ஆரம்பிச்சு மூணாவது நிமிஷம் படம் நின்னுடுச்சு. நாலு தடவை வெளிய போய் உள்ள வந்தாரு. அதிகாரி பொறுமையானவர், அடுத்த வாரம் தேதி குடுத்தாரு. ஆனா கன்டெய்னர் அது வரைக்கும் யார்டுலதான். ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும், அதை அந்தப் பட்டறைக்காரர்தான் கட்டணும்.

சாயங்காலம் போன். "இன்னா மாப்ள, மாசா மாசம் நூறு எம்பிக்கு காசு கட்றேன். வாயத் தொறந்தா படம் நிக்குது. இன்ஜினியரிங் படிச்சியே, வந்து பாரேன்."

போய் பார்த்தேன். ஸ்பீட் டெஸ்ட் போட்டா நூறு வருது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "பார்த்தியா?" நான் கீழே இருந்த இன்னொரு எண்ணைக் காட்டினேன். இறங்குற வேகம் நூறு, ஏத்துற வேகம் ஒன்பது எம்பிபிஎஸ். (டாக்டர் படிப்பு இல்ல மக்களே, மெகாபிட்.) நாம படம் பார்க்கும்போது இறக்குறோம். வீடியோ கால்ல நம்ம முகத்தையும் குரலையும் ஏத்துறோம். விளம்பரத்துல பெருசா போடுற எண் பெரும்பாலும் இறங்குற வேகம்தான்.

ஆனா ஒன்பது கூட போதுமே? ஜூம்ல ரெண்டு பேர் பேசுற எச்டி காலுக்கு சுமார் 1.2 எம்பிபிஎஸ் தான் வேணும். அப்போ மிச்சம் எங்க போச்சு? சுத்திப் பார்த்தேன். நாலு சிசிடிவி கேமரா, மாமா வீட்ல இருந்து மொபைல்ல பார்க்கணும்னு நாள் முழுக்க படத்தை மேல அனுப்பிக்கிட்டே இருக்கு. பக்கத்து டேபிள்ல தம்பி ஒருத்தர் பெரிய பெரிய ஸ்கேன் ஃபைலை ஏத்துறாரு.

இங்கதான் முக்கியமான விஷயம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசை நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்த வரிசையில ஒரு ஆம்புலன்ஸ் மாட்டினா? ரோடு அகலம் அதேதான், ஆனா அது நகராது. உங்க குரல்தான் ஆம்புலன்ஸ். ஸ்கேன் ஃபைல்தான் லாரி. ரவுட்டர் வர்ற எல்லாத்தையும் வரிசையில நிக்க வைக்குது. சும்மா இருக்கும்போது பிங் 20 மில்லிசெகண்ட். ஃபைல் ஏத்த ஆரம்பிச்சதும் 900 தாண்டிடுச்சு. பேச்சு இயல்பா இருக்கணும்னா ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லுது.

அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி மூணு வேலை செஞ்சோம். ஒண்ணு, கேமரா பதிவை ஆபீஸ்லயே இருக்கிற பெட்டியில மட்டும் சேமிக்க வச்சோம். ரெண்டு, கால் பேசுற லேப்டாப்புக்கு வைஃபை வேணாம், ரவுட்டர்ல இருந்து நேரா கேபிள். மேல தகரக் கூரை, சுத்தி இரும்பு பீரோ, கீழ ரெண்டு கடையோட வைஃபை. அலை எப்படி ஒழுங்கா வரும்? மூணு, ரவுட்டர் செட்டிங்ல ஏத்துற வேகத்தை எட்டுக்கு மேல போகாம கட்டிப்போட்டு, அந்த லேப்டாப்புக்கு முன்னுரிமை. இதுலயே முக்கால்வாசி சரியாயிடுச்சு.

அப்புறம்தான் புது லைன். மாமா கேட்டாரு, "லீஸ்டு லைன் போட்றலாமா?" அது பேங்குக்கும் பெரிய கம்பெனிக்கும் சரி: வேகம் நமக்கே நமக்குன்னு இருக்கும், பழுதானா இத்தனை மணி நேரத்துல சரி பண்ணணும்னு எழுத்துல ஒப்பந்தம் இருக்கும். ஆனா மாசச் செலவு பல மடங்கு. அஞ்சு பேர் ஆபீஸுக்குத் தேவையில்ல. சாதாரண ஃபைபர்ல, ஏத்துறதும் இறக்குறதும் ஒரே வேகம்னு தர்ற பிளானா கேட்டு வாங்கினோம்.

அடுத்தது பேக்கப். மாமா உடனே இன்னொரு ஃபைபர்னாரு. மாடியில இருந்து தெருவைக் காட்டினேன். ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்துல, ஒரே கொத்தா தொங்குது. உயரமான ஒரு லாரி இழுத்துட்டுப் போனா ரெண்டும் சேர்ந்து போகும். பில்லு ரெண்டு, வழி ஒண்ணு. பேக்கப்னா கம்பெனி மட்டும் இல்ல, வழியும் வேறயா இருக்கணும். அதனால வேற கம்பெனியோட 5ஜி பெட்டி. வாங்குறதுக்கு முன்னாடி அதே கம்பெனி சிம் இருக்கிற போனை எடுத்துக்கிட்டு, அதே ரூம்ல, காலை 11 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் டெஸ்ட் பண்ணோம். ராத்திரி பத்து மணி ஸ்பீட் டெஸ்ட்டை நம்பாதீங்க, உங்க மீட்டிங் அப்போ இல்ல.

கடைசியா கரண்ட். லேப்டாப்ல பேட்டரி இருக்கும், ரவுட்டர்ல இருக்காது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி புயல் வந்தா கம்பம், டவர் எல்லாமே படுக்கும். அன்னைக்கு எந்த பிளானும் காப்பாத்தாது, ஒரு நாள் முன்னாடியே மெயில் போட்டு தேதி மாத்திக்கிறதுதான் வழி.

கனெக்‌ஷன் எடுக்கப்போறீங்கன்னா இந்த நாலைக் கேளுங்க: ஏத்துற வேகம் எவ்வளவு? கேபிள் எந்த வழியா வருது? பழுதானா யார், எத்தனை மணி நேரத்துல வருவாங்க? பக்கத்து கடைக்காரருக்கு போன மழையில எத்தனை நாள் போச்சு? கடைசிக் கேள்விக்கு பதில் கஸ்டமர் கேர்ல கிடைக்காது, டீக்கடையில கிடைக்கும்.

அடுத்த வாரம் விசாரணை. நான் பின்னாடி ஸ்டூல்ல உட்கார்ந்து பிங்கைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். 25 நிமிஷம் மாமா நிக்காம பேசினாரு. ஆர்டர் என்ன வந்துச்சுன்னா, அது இன்னும் வரல மக்களே. ஆனா வெளிய வந்து டீ சொல்லிட்டு ஒண்ணு சொன்னாரு: "ஜெயிக்கிறதோ தோக்கிறதோ, சொல்ல வந்ததை முழுசா சொல்லிட்டேன்டா."

அதுக்குத்தான் லைன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.