பானெட்டுக்குள்ள இருக்கறது யாரோட இன்ஜின்?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு வண்டிதான். பொள்ளாச்சி பக்கத்துல, எங்க பெரியப்பா தோட்டத்துச் சாளையில பதிமூணு வருஷமா தார்ப்பாய் போர்த்தி நின்ன அம்பாசடர். ஆர்.சி. புக்ல 1971-னு இருக்கு. மாடல் மார்க் டூ, அதாவது 1962-லிருந்து 1975 வரைக்கும் வந்த வடிவம். எரிபொருள் பெட்ரோல், 1489 சிசி.

நானும் என் ஃப்ரெண்டும் வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே பெயின்ட் கலருக்கு சண்டை போட்டு முடிச்சிருந்தோம். இன்ஜினையும் முடிவு பண்ணியாச்சு. 'பழசு எதுக்கு, இசுஸு 1.8 போட்டுடலாம், அஞ்சு கியரோட ஹைவேல பறக்கும்.' இந்தத் திட்டத்தோடதான் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போனோம். அவர் பானெட்டைத் தூக்கினார். ரெண்டு நிமிஷம் எதுவும் பேசலை.

"தம்பி, பெட்ரோல் வண்டின்னு சொன்னீங்க?"

"ஆமாங்கண்ணா, புக்ல அப்படித்தானுங்க இருக்கு."

"அப்ப கார்புரேட்டர் எங்க இருக்குன்னு காட்டுங்க பாக்கலாம்."

கார்புரேட்டர் இல்லை. ஸ்பார்க் ப்ளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. அதுக்குப் பதிலா ஒரு பம்ப், அதிலிருந்து நாலு சிலிண்டருக்கும் போற நாலு மெல்லிய இரும்புக் குழாய். அது டீசல் இன்ஜின். அம்பாசடர்ல டீசல் வந்ததே மார்க் ஃபோர் காலத்துல, 1980-ஐ ஒட்டித்தான். 1971 வண்டிக்குள்ள அது தானா வந்து உட்கார்ந்திருக்க முடியாது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த டீசல் இன்ஜினும் 1489 சிசிதான். பெட்ரோல், டீசல் ரெண்டுமே பி.எம்.சி. பி-சீரிஸ்னு சொல்ற ஒரே பிரிட்டிஷ் குடும்பம். 73 மில்லிமீட்டருக்கு ஒரு நூல் கூடுதலா போர், 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அதனால 'சிசி சரியா இருக்கே, அப்ப ஒரிஜினல்தான்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிசி ஒரு அடையாளமே கிடையாது. லேத் பட்டறையில நாற்பது தௌ போர் பண்ணியிருந்தா அதே பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட 1530 சிசி ஆயிடும். ஹெட்டைக் கழட்டி வெர்னியர் வெச்சு அளந்துட்டு 'இது வேற இன்ஜின் போல'ன்னு குழம்புறவங்க இருக்காங்க. பிஸ்டன் தலையைத் துடைச்சுப் பாருங்க. 020, 040-னு பொறிச்சிருந்தா ஓவர்சைஸ் பிஸ்டன்.

அப்ப எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது? முதல்ல கண்ணால. அம்பாசடர் 1957-ல வந்தப்போ சைடு வால்வ் இன்ஜின், 1476 சிசி. வால்வெல்லாம் பிளாக்குக்குள்ளயே இருக்கறதால ஹெட் தட்டையா ஒரு பலகை மாதிரி இருக்கும், மேல ராக்கர் கவர் இருக்காது. 1959-ல தலைக்கு மேல வால்வ் இருக்கற 1489 வந்தது. மேல நீளமா ஒரு தகர மூடி தெரியும். தொண்ணூறுகள்ல வந்த இசுஸு 1817 சிசி. கேம் ஷாஃப்ட் ஹெட்லயே இருக்கற நவீன ஜாதி. இது போக நம்ம ஊர் மெக்கானிக்குகள் மாட்டின மெடடார் வேன் டீசல் இன்ஜின் தனி ரகம். 2.4 லிட்டர், நல்ல கனம். அது உள்ள இருந்தா முன் சஸ்பென்ஷனையும் இன்ஜின் மவுன்ட்டையும் ஒருதடவை நல்லா பாருங்க. வெல்டிங் வடு கண்டிப்பா இருக்கும்.

அடுத்தது நம்பர். பிளாக்ல ரெண்டு விதமான எழுத்து இருக்கும். மேல் நோக்கிப் புடைச்சிருக்கறது வார்க்கும்போதே வந்தது. அதே அச்சுல வார்த்த எல்லா பிளாக்லயும் அதுதான் இருக்கும். அதைப் பார்த்து 'நம்பர் இருக்கு'ன்னு சந்தோஷப்படாதீங்க. உள் நோக்கிப் பள்ளமா பஞ்ச் அடிச்சிருக்கறதுதான் உங்க இன்ஜினோட சொந்த நம்பர். தனித் தகட்டுல அடிச்சு ரிவிட் பண்ணியிருந்தா ரிவிட்டைப் பாருங்க. தகடு பழசு, ரிவிட் மட்டும் பளபளன்னு இருந்தா அந்தத் தகடு வேற ஊர்லேர்ந்து வந்திருக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடாதீங்க, ப்ளீஸ். நம்பரே போயிடும்.

எங்க அச்சு ஆர்.சி. புக்கோட ஒத்துப்போகலை. பெரியப்பாகிட்ட கேட்டேன்.

"எண்பத்தஞ்சோ ஆறோ, மாத்திட்டேன் கண்ணு. பெட்ரோல் விக்கற வெலைக்கு தேங்காயை யாரு சந்தைக்குக் கொண்டுபோறது?"

"புக்ல மாத்தலீங்களா பெரியப்பா?"

"அப்பெல்லாம் யாரு கேட்டா?"

பழைய இன்ஜின் கிணத்துல தண்ணி இறைக்கக் கொஞ்ச நாள் ஓடியிருக்கு. அப்புறம் பழைய இரும்புக்குப் போயிடுச்சு. ஒரிஜினல் கதை அங்கேயே முடிஞ்சது.

அப்பெல்லாம் யாரும் கேட்கலை, சரி. இப்போ கேட்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியோட அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறக் கூடாது. இன்ஜினை மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். இது போக 2021-ல வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டியிருந்தா வி.ஏ. எழுத்தோட தனி நம்பர், பத்து வருஷத்துக்குப் பதிவு. நிபந்தனை, வண்டி மூல வடிவத்துல இருக்கணும். சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாது. நாங்க கனவு கண்ட இசுஸு அந்த வரியிலேயே செத்துப்போச்சு. உள்ள இருக்கற டீசலும் அதே கேஸ்தான்.

ஆனா நான் நினைச்ச மாதிரி இது சுலபமான முடிவு இல்லை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த வண்டி டீசல்தான். வாய்க்கால் பாலம் ஏறும்போது கேட்கற அந்த தடதட சத்தத்தை வெச்சுத்தான் பெரியம்மா அடுப்புல தோசைக்கல்லைப் போடுவாங்க. கம்பெனி போட்ட இன்ஜின் பதினாலு, பதினஞ்சு வருஷம் இருந்தது. பெரியப்பா போட்டது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கு. எது ஒரிஜினல்? சட்டத்துக்கு ஒரு பதில், வீட்டுக்கு ஒரு பதில். ரெண்டு வாரம் யோசிச்சு, வண்டி ரோட்ல ஓடணும்னு முடிவு பண்ணி 1489 பெட்ரோலைத் தேட ஆரம்பிச்சோம். ஓட்டாம ஷெட்ல வெச்சுப் பார்க்கறதுதான் ஆசைன்னா நீங்க டீசலையே விட்டுடலாம். தப்பே இல்லை.

முதல்ல ஒரு கடையில கிடைச்சது. சூப்பரா பெயின்ட் அடிச்சு, 'ரீகண்டிஷன் பண்ணது, ஸ்டார்ட் பண்ணா போதும்'னாங்க. நம்பர் இருக்க வேண்டிய இடம் மட்டும் கிரைண்டர் போட்ட மாதிரி வழுவழுன்னு இருந்தது. கேட்டா, "உங்க புக் நம்பரையே அடிச்சுத் தர்றோம் சார்"னு பதில். விலையும் கம்மி. ஒரு செகண்ட் சபலம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம்பரை அழிச்ச பிளாக் யார் வீட்டு வாசல்லேர்ந்து வந்ததோ! அதுல என் நம்பரை அடிச்சா நானும் கூட்டு. கிளம்பிட்டோம்.

ரெண்டாவது இன்ஜின் அழுக்கா இருந்தது. ஆனா நம்பர் தெளிவு. கழட்டின வண்டியோட ஆர்.சி. நகல், விற்ற ரசீது ரெண்டும் கொடுத்தாங்க. ஃப்ளைவீல் பல்லுல கம்பி குடுத்துத் திருப்பினா லேசா சுத்துச்சு. டிப்ஸ்டிக்ல எண்ணெய் கறுப்பு, பால் கலந்த நிறம் இல்லை. அப்போ தண்ணி உள்ள போகலை. வாங்கிட்டோம்.

ஹெட்டை மட்டும் பட்டறைக்குக் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வ் சீட் போடச் சொன்னோம். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செஞ்ச ஹெட் அது. அந்தப் பெட்ரோல் இந்தியாவுல 2000-லயே நின்னுபோச்சு. இப்போ பெட்ரோல்ல எத்தனாலும் சேர்க்கறாங்க. அதனால ஃப்யூவல் பம்ப் டயஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாமே எத்தனாலைத் தாங்கற ரகமா மாத்தியாச்சு. இந்த ரெண்டு செலவையும் மிச்சம் பிடிக்காதீங்க.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்ஜின் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கோம், இன்ஸ்பெக்ஷன் தேதிக்குக் காத்திருக்கோம். போன ஞாயித்துக்கிழமை சாளை வாசல்லயே முதல் ஸ்டார்ட். மூணாவது க்ராங்க்ல பிடிச்சது. பெரியப்பா கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற யாரோ வந்து நிக்கற மாதிரி இருக்குது கண்ணு."

டீசல் இன்ஜினை எடைக்குப் போடலை. ஷெட் மூலையில மரச்சட்டத்து மேல உட்கார்ந்திருக்கு.