சொல்லக் கூசும் நோவு



இச்சங்க மேடைக்குப் பழக்கமில்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். பெரியோர் பொறுத்தருள்க. பின்வரிசைத் தம்பிமார் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுக் கேட்டாற் போதும்.

12 வயது தொடக்கம் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளிற் பெரிதும் காணப்படும் ஆபத்தொன்றுண்டு. அதன் பெயர் விதை முறுக்கு. விதையானது பையினுள்ளே கயிறு போன்ற ஒரு தண்டிலே தொங்குகின்றது. அதற்கு இரத்தங் கொண்டுசெல்லும் குழாய்கள் அத்தண்டினுள்ளேயே ஓடுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதை பையோடு சரிவரப் பிணைக்கப்படாமல், மணியின் நாக்கைப் போல ஆடிக்கொண்டிருக்கும். அத்தகையோருக்கு அது திடீரெனச் சுற்றிக்கொள்ளலாம். ஈரத்துணியைப் பிழிந்தாற்போலத் தண்டு முறுகி, இரத்தோட்டம் நின்றுவிடும். அடிபட்டபின் இது வருவதுண்டு. நித்திரையிலே காரணமின்றி வருவதுமுண்டு.

நோவு தொடங்கி 6 மணித்தியாலத்துள் சத்திரசிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால், பத்தில் ஒன்பது விதைகளேனும் பிழைக்கும். 12 மணித்தியாலமானால் ஏறக்குறையப் பாதிதான். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் அகற்றவே நேரும்.

இந்த 6 மணித்தியாலத்தைத்தான் வெட்கம் தின்றுவிடுகின்றது. நடுச்சாமத்தில் நோவோடு விழித்த பையன் அம்மாவை எழுப்பி, "வயிற்றுக்குத்து" என்பான். அது முழுப் பொய்யுமன்று. அடிவயிறும் நோகும், வாந்தியும் வரும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்லுவார். விடிந்துவிடும். ஆகையால், "கீழையும் நோகுதோ, தம்பி?" என்று பெற்றோரே கேட்டுவிடுவது நல்லது.

பையனிடம் அதைச் சொல்லச் சொற்கள் எங்கே இருக்கின்றன? அவ்வுறுப்பின் பெயரை அவன் வசைச்சொல்லாகவே கேட்டிருக்கிறான். நான் படித்த மிஷன் பாடசாலையில், இனப்பெருக்க அத்தியாயம் வந்ததும், "வீட்டில் வாசியுங்கள்" என்று ஆசிரியர் அடுத்ததற்குப் போய்விட்டார். வேதபாடத்தில் ஆபிரகாமின் விருத்தசேதனத்தை மட்டும் கூச்சமின்றி உரத்து வாசித்தோம்!

வெட்கத்தோடு குற்றவுணர்வுஞ் சேர்ந்தால் வாய் முற்றாக அடைபட்டுவிடும். கைப்பழக்கத்தின் தண்டனை இது என்று பையன் எண்ணுகின்றான். வீரிய லேகியம் விற்போரின் விளம்பரங்கள் இவ்வச்சத்தை வளர்த்தே பிழைக்கின்றன. அப்பழக்கத்துக்கும், இரவிலே தானாக வெளிப்படும் விந்துக்கும், இந்நோய்க்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

ஆதலால், தம்பிமாரே, விதையிலே திடீரெனக் கடும் நோவு கண்டால், எண்ணெய் பூசி உருவ வேண்டாம். மயக்கமருந்து கொடுக்க நேருமாதலால் உண்ணவும் பருகவும் வேண்டாம். அப்பாவிடம் சொல்ல வாய் வராவிட்டால் அண்ணனிடம் சொல்லுங்கள். விடுதியிலிருந்தால் பொறுப்பாசிரியரை எழுப்புங்கள். வாகனமில்லையெனின் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியசாலையில், "வயிறு" என்று நிறுத்தாமல், "விதை நோகிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். நோவு தானே நின்றாலும் காட்டத்தான் வேண்டும். அவிழ்ந்த முறுக்கு மீண்டும் விழக்கூடும்.

சத்திரவைத்தியர் மற்ற விதையையும் சேர்த்தே தைத்து நிறுத்துவார். அதுவும் அவ்வாறே ஆடுவதாயிருத்தல் கூடும். ஒன்றை இழந்தவனுக்கும் மீசை அரும்பும், குரல் தடிக்கும். மற்றது நலமாயிருந்தால் அவன் தந்தையாவதற்கும் பெரும்பாலும் அதுவே போதும்.